ஆறு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம்: அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸின் கதை

போன தடவை எழுதியது பழைய நாணயங்களைப் பற்றி. இந்த தடவை நம்மில் பலர் பார்த்தே இராத ஒரு விளையாட்டு. தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிட வேண்டாம், ஐந்து நிமிஷம் இருங்கள் :-)

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் லக்ராஸ் சாம்பியன்கள் பட்டியலை ஒருநாள் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். 2005ல் தொடங்கி 2012 வரை எட்டு வருஷம். அதில் ஏழு முறை ஒரே கல்லூரிதான் கோப்பை வாங்கியிருக்கிறது. மிச்சமிருந்த ஒரு முறையும் அதுதான் இறுதிப் போட்டியில் தோற்ற அணி. இப்படி ஒரு அணி இருந்த லீக் எவ்வளவு பலமாக இருந்திருக்க வேண்டும்? அந்த லீக்கின் பெயரைத் தேடினேன். அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸ். 2001ல் பிறந்தது, 2014ல் கலைக்கப்பட்டது. கடைசிக் கோப்பைக்கும் கலைப்புக்கும் இடையில் இரண்டே வருஷம்!

தோற்றுப்போய்க் கலைந்தால் புரிந்துகொள்ளலாம். ஜெயித்துக்கொண்டே இருந்த ஒரு லீக் ஏன் கலைந்தது? இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில், என்ன விளையாட்டு இது?

கையில் ஒரு கோல். கோலின் நுனியில் வலைப்பை. கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையால் பிடித்து, ஏந்தி ஓடி, வீசி, எதிரணி கோலுக்குள் அடிக்க வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஆட்டம் இது. அவர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல, வழிபாட்டோடு சேர்ந்த விஷயம்.

பெண்கள் ஆட்டம் வந்த வழி சுவாரசியமானது. 1884ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்த்தார் லூயிசா லம்ஸ்டன் என்ற பெண்மணி. ஸ்காட்லாந்தில் செயிண்ட் லெனார்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளியில் அதற்கு முன் தலைமை ஆசிரியையாக இருந்தவர் அவர். ஆட்டம் அவருக்குப் பிடித்துவிட்டது. தன் பள்ளிக்கு அதைக் கொண்டுபோனார். 1890ல் அங்கே மாணவிகள் ஆடினார்கள். அந்தப் பள்ளியில் படித்த ரோசபெல் சின்க்ளேர் என்பவர் 1926ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் உள்ள பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியைத் தொடங்கினார். ஆக அமெரிக்க மண்ணின் ஆட்டம், ஸ்காட்லாந்து வரை ஒரு சுற்று போய்விட்டு, பெண்களின் ஆட்டமாக அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது.

ஆண்கள் ஆட்டத்தில் ஹெல்மெட், உடம்பால் மோதித் தள்ளுதல் எல்லாம் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் மோதக்கூடாது. கோலிக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். மற்றவர்களுக்குக் கண்ணை மூடும் கவசம், அதுவும் கல்லூரி ஆட்டத்தில் 2005ல்தான் கட்டாயமானது. ஒரு பக்கத்துக்கு 12 பேர், 60 நிமிஷம்.

கான்ஃபரன்ஸ் என்றால்?

நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் மண்டலம் என்று இருக்கிறது அல்லவா, தெற்கு மண்டலம், மேற்கு மண்டலம் என்று? அதுபோல என்று முதலில் நினைத்தேன். தப்பு. மண்டலத்தைப் போட்டி நடத்துகிறவர்கள் வகுத்துத் தருகிறார்கள். அமெரிக்கக் கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் தாங்களே சேர்ந்து போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். பிடித்தால் சேரலாம். வேறு இடத்தில் நல்ல பணம் வந்தால் கிளம்பிவிடலாம்.

பெரிய கான்ஃபரன்ஸ்கள் எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பாலையும் பாஸ்கெட்பாலையும் சுற்றிக் கட்டப்பட்டவை. பிக் டென் அப்படி ஒன்று, 1896ல் தொடங்கியது. தெற்கே எஸ்.இ.சி. இன்னொன்று.

இதில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு. என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு நடத்தும் சாம்பியன்ஷிப்பில் ஒரு கான்ஃபரன்ஸின் வெற்றியாளருக்கு நேரடியாக இடம் கிடைக்க, அந்த விளையாட்டை ஆடும் கல்லூரிகள் அதில் குறைந்தது ஆறாவது இருக்க வேண்டும். பிக் டென்னும் ஒரு விளையாட்டைத் தன் பெயரில் நடத்த ஆறு அணிகளை எதிர்பார்த்தது. இந்தக் கதை முழுக்க இந்த ஆறுதான் வந்துகொண்டே இருக்கும்.

அநாதைகள் சேர்ந்த கூட்டம்

1972ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் பேதம் பார்க்கக்கூடாது என்றது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. கல்லூரிகள் மெதுவாகப் பெண்கள் அணிகளைத் தொடங்கின. 1982ல் என்.சி.ஏ.ஏ. முதல் பெண்கள் லக்ராஸ் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. மாசசூசெட்ஸ் ஜெயித்தது.

ஆனால் ஆட்டம் கிழக்குக் கடற்கரையை விட்டு நகரவில்லை. மேரிலாந்து, வர்ஜீனியா, பிரின்ஸ்டன்... திரும்பத் திரும்ப இதே பெயர்கள்தான். 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு வருஷம் மேரிலாந்துதான் சாம்பியன்.

கிழக்கே இல்லாத, அல்லது கிழக்கே இருந்தும் பெரிய கூட்டத்தில் இடம் இல்லாத கல்லூரிகள் என்ன செய்யும்? பென் ஸ்டேட் 1987லும் 1989லும் கோப்பை வாங்கிய அணி. ஆனால் அது இருந்த பிக் டென்னில் லக்ராஸே கிடையாது. ஓஹையோ ஸ்டேட்டுக்கும் அதே கதை. டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் எஸ்.இ.சி.யில் இருந்தது, அங்கேயும் லக்ராஸ் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இன்னும் விசித்திரம். மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் நிலையில் ஆடும் கல்லூரி அது, லக்ராஸில் மட்டும் முதல் நிலை. அதன் பெண்கள் அணி 1999ல் முதல் நிலைக்கு வந்தது.

இவர்களோடு நார்த்வெஸ்டர்ன். சிகாகோவுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கும் பல்கலைக்கழகம். 1982ல் பெண்கள் லக்ராஸ் அணி தொடங்கி, 1992ல் மூடிவிட்டது. பிறகு மறுபடி தொடங்க முடிவு செய்து, 2002 சீசனில் மீண்டும் களமிறங்கியது.

இந்த ஐந்து கல்லூரிகள்தான் அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸின் முதுகெலும்பு. ஃபுட்பால் கிடையாது, பாஸ்கெட்பால் கிடையாது. பெண்கள் லக்ராஸுக்கு என்று மட்டுமே ஒரு கான்ஃபரன்ஸ். பெரிய வீடுகளில் இடம் கிடைக்காதவர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஏரிக்கரை அணி

இங்கே கதையின் நாயகி வருகிறார். கெல்லி அமோன்டே ஹில்லர். மேரிலாந்தில் ஆடி 1995, 1996 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கியவர். அவரை நார்த்வெஸ்டர்ன் கோச்சாக எடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. மேரிலாந்தில் அவருக்குக் கோச்சாக இருந்தவர் சிண்டி டிம்சல். டிம்சல் அதற்கு முன் எங்கே கோச்சாக இருந்தார் தெரியுமா? நார்த்வெஸ்டர்னில்தான், 1982 முதல் 1990 வரை. அவர் மேரிலாந்து போனார், கோப்பைகளாகக் குவித்தார். அவர் விட்டுப்போன அணியை நார்த்வெஸ்டர்ன் மூடியது. பத்து வருஷம் கழித்து அவருடைய மாணவி வந்து அதை மறுபடி கட்டினார்.

அணி கட்ட ஆள் வேண்டுமே? லக்ராஸ் நன்றாகத் தெரிந்த கிழக்கத்தி மாணவிகள், போன வாரம் பிறந்த அணியில் ஏன் சேரப் போகிறார்கள்? அமோன்டே ஹில்லர் கல்லூரி வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்தார். நல்ல உடல்வாகு, நல்ல வேகம். லக்ராஸ் கோலைத் தொட்டதே இல்லை. வாருங்கள், கற்றுத் தருகிறேன் என்றார். அந்த இருவரும் 2005 சாம்பியன் அணியில் இருந்தார்கள்!

2005ல் நார்த்வெஸ்டர்ன் 21 ஆட்டம் ஆடி 21லும் வென்றது. இறுதிப் போட்டியில் முந்தைய வருஷத்துச் சாம்பியன் வர்ஜீனியாவை 13-10 என்று தோற்கடித்தது. கிழக்கு நேர மண்டலத்துக்கு வெளியே இருந்து ஒரு அணி இந்தக் கோப்பையை வாங்கியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நடந்தது என்ன? வெள்ளை மாளிகைக்கு அழைத்தார்கள். ஜனாதிபதி புஷ்ஷோடு எடுத்த படத்தில் சில மாணவிகள் ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அதுதான் பேச்சு. 21-0 பற்றி எழுதியவர்களை விட செருப்பைப் பற்றி எழுதியவர்கள் அதிகம் இருப்பார்கள். அந்தப் பெண்கள் பிறகு செருப்புகளை ஏலம் விட்டு நல்ல காரியத்துக்குப் பணம் கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

2006, 2007, 2008, 2009 என்று கோப்பை தொடர்ந்தது. 2009ல் மறுபடி தோல்வியே இல்லாத சீசன், 23-0. அந்த இறுதிப் போட்டியில் நார்த் கரோலினாவை அடித்தது 21-7. 2010ல் மேரிலாந்திடம் தோல்வி. 2011ல் அதே மேரிலாந்தை 8-7 என்று ஒரே கோலில் வென்றது. 2012ல் சிராக்யூஸை 8-6.

ஒரு அணி மட்டும் அல்ல. வாண்டர்பில்ட் 2004லேயே தேசிய அரையிறுதி வரை போனது. ஃப்ளோரிடா 2010ல் புதிதாக அணி தொடங்கி இந்தக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. மூன்றாவது சீசனிலேயே, 2012ல், தேசிய அரையிறுதி! சிராக்யூஸிடம் கூடுதல் நேரத்தில் 14-13 என்று தோற்றது. அந்த வருஷ அரையிறுதியின் நான்கு அணிகளில் இரண்டு இந்தச் சின்ன லீக்கைச் சேர்ந்தவை.

பேசப்பட்டது வேறு விஷயம்

2012 நவம்பர். மேரிலாந்து தன் பழைய வீடான ஏ.சி.சி.யை விட்டு பிக் டென்னில் சேர்வதாக அறிவித்தது. மறுநாளே ரட்கர்ஸும் வருவதாக அறிவிப்பு.

காரணம்? பிக் டென்னுக்குச் சொந்தமாக ஒரு டிவி சேனல் இருக்கிறது, 2007ல் தொடங்கியது. மேரிலாந்து வந்தால் வாஷிங்டன், பால்டிமோர் பக்கத்து வீடுகள். ரட்கர்ஸ் வந்தால் நியூயார்க் பக்கத்து வீடுகள். சேனல் போகும் வீடு கூடினால் பணம் கூடும். மேரிலாந்துக்கும் பணம் தேவைப்பட்டது. அதே 2012ல் பணம் இல்லை என்று ஏழு விளையாட்டு அணிகளை அது மூடியிருந்தது. ஏ.சி.சி.யை விட்டுப் போனதற்காக 3 கோடி டாலருக்கு மேல் விட்டுக்கொடுத்துத்தான் அந்த வழக்கே முடிந்தது. அவ்வளவு கொடுத்தும் லாபம் என்றால் வரப்போகும் பணம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் லக்ராஸ் எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. அதுதான் விஷயம்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். பெண்கள் லக்ராஸ் ஆடும் பிக் டென் கல்லூரிகளை எண்ணுங்கள். நார்த்வெஸ்டர்ன் ஒன்று. ஓஹையோ ஸ்டேட் இரண்டு. பென் ஸ்டேட் மூன்று. 2014 சீசனில் புதிதாக அணி தொடங்கிய மிச்சிகன் நான்கு. மேரிலாந்து ஐந்து. ரட்கர்ஸ் ஆறு.

ஆறு!

2013 ஜூனில் பிக் டென் அறிவித்தது: 2015 சீசன் முதல் நாங்களே லக்ராஸ் நடத்துகிறோம். அன்றைக்கே அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸின் ஆயுள் முடிந்துவிட்டது. மிச்சிகன் தன் முதல் சீசனை இந்தக் கான்ஃபரன்ஸில்தான் ஆடியது. அந்தக் கான்ஃபரன்ஸுக்கு அதுதான் கடைசி சீசன். நான்கு பேர் கிளம்பினால் மிச்சம் ஃப்ளோரிடா, வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். மூன்று. மூன்றை வைத்துக்கொண்டு லீக் நடத்த முடியாது.

விட்டுப்போனவர்கள்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் பக்கம் பிக் டென்னில் ஐந்து அணிகள்தான் இருந்தன, ஏனென்றால் நார்த்வெஸ்டர்னில் ஆண்களுக்கு லக்ராஸ் அணி கிடையாது. ஒன்று குறைகிறது. உடனே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆண்கள் அணிக்கு அழைப்பு போனது, லக்ராஸுக்கு மட்டும் உறுப்பினராக. பெண்கள் பக்கம் ஏற்கெனவே ஆறு இருந்தது. அதனால் ஹாப்கின்ஸ் பெண்களுக்கு அப்போது அழைப்பு இல்லை. பென் ஸ்டேட்டோடும் நார்த்வெஸ்டர்னோடும் பல வருஷம் ஒரே லீக்கில் ஆடியவர்கள் அவர்கள்தான். ஆண்கள் அணி அதுவரை எந்தக் கான்ஃபரன்ஸிலும் இருந்ததே இல்லை!

ஹாப்கின்ஸ் பெண்கள் 2015, 2016 இரண்டு சீசன் எந்த லீக்கிலும் இல்லாமல் தனியாக ஆடினார்கள். 2017 சீசனில்தான் பிக் டென் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

கேட்க இரண்டு வருஷம்தானே என்று தோன்றும். ஆனால் கல்லூரி விளையாட்டு வீராங்கனைக்கு மொத்தமே நான்கு சீசன். 2013ல் முதல் சீசன் ஆடிய ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு வருஷம் சாகப்போகும் லீக்கில் ஆடினாள். அடுத்த இரண்டு வருஷம் லீக்கே இல்லை. லீக் கோப்பை என்று ஒன்று அவள் முன்னால் இல்லவே இல்லை. பட்டம் வாங்கிப் போன அடுத்த சீசனில் அவள் கல்லூரிக்குப் புது லீக் கிடைத்தது. அவள் நன்றாக ஆடினாளா இல்லையா என்பதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஃப்ளோரிடாவையும் வாண்டர்பில்ட்டையும் 2015 முதல் பிக் ஈஸ்ட் சேர்த்துக்கொண்டது. 2019ல் இரண்டும் அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸுக்கு மாறின. 2025ல் ஃப்ளோரிடா மறுபடி மாறியது, இந்தத் தடவை பிக் 12. அங்கே அரிசோனா ஸ்டேட், கொலராடோ, சின்சினாட்டி என்று மூன்று அணிகள்தான் சொந்தமாக இருந்தன. ஃப்ளோரிடாவோடு கலிஃபோர்னியாவின் சான் டியேகோ ஸ்டேட்டையும் டேவிஸையும் சேர்த்துத்தான் எண்ணிக்கை ஆறானது. மறுபடி அதே ஆறு. ஃப்ளோரிடா அணி இருப்பது அதே கெயின்ஸ்வில் ஊர். பதினாறு சீசனில் நான்கு லீக்.

அப்படியானால் இது வீழ்ச்சியா?

நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் இருக்கிறது. எந்த அணியும் மூடப்படவில்லை. பிக் டென்னில் சேர்ந்ததால் அந்தப் பெண்களின் ஆட்டம் டிவியில் வந்தது. பென் ஸ்டேட் 2016லும் 2017லும் தேசிய அரையிறுதிக்குப் போனது. கிழக்கே மட்டும் இருந்த ஆட்டம் கொலராடோவுக்கும் அரிசோனாவுக்கும் போயிருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லோரும் பெரிய வீட்டுக்குப் போனார்கள், இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸில் எடுத்த முடிவு எதுவானாலும் அது பெண்கள் லக்ராஸுக்காக எடுத்த முடிவு. வேறு விளையாட்டே அங்கே இல்லையே! பெரிய வீட்டில் அப்படி இல்லை. அங்கே இவர்கள் ஒரு ஓரத்து அறை. ஃபுட்பாலுக்காக வீடு மாறினால் இவர்களும் மூட்டை கட்ட வேண்டும். நாளைக்கு டிவி கணக்கு மாறினால் மறுபடி மாற வேண்டும். எட்டு வருஷத்தில் ஏழு கோப்பை என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு பைசா மதிப்பு இல்லை. அந்த லீக்கை உருவாக்கியதும் கலைத்ததும் ஒரே காரணம்தான்: பெரிய கான்ஃபரன்ஸ்களிடம் ஆறு அணி இல்லை, பிறகு ஆறு அணி இருந்தது.

கடைசியாக ஒரு விஷயம். நார்த்வெஸ்டர்ன் 2012க்குப் பிறகு பதினோரு வருஷம் காத்திருந்து 2023ல் மறுபடி சாம்பியன் ஆனது, இறுதிப் போட்டியில் பாஸ்டன் காலேஜை 18-6 என்று வென்று. கோச் அதே அமோன்டே ஹில்லர். அடுத்த வருஷம், 2024 அரையிறுதியில், நார்த்வெஸ்டர்னுக்கு எதிரே நின்ற அணி ஃப்ளோரிடா. அங்கே கோச் 2010ல் அணியைத் தொடங்கிய அதே அமாண்டா ஓ'லியரி. இருவரும் வேறு வேறு லீக்கின் பெயரில் வந்திருந்தார்கள். இருவரும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அந்த வீடு இடிந்து அப்போது பத்து வருஷம்.

அந்த ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் வென்றது. களத்தில் நின்ற பெண்களில் பலர் அமெரிக்கன் லக்ராஸ் கான்ஃபரன்ஸ் கலைந்தபோது பள்ளிக்கூடத்துச் சிறுமிகள். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். அதனால்தான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

படித்தவர்கள் உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். பெரிய வீட்டின் ஓரத்து அறையா, சொந்தமாய் ஒரு சின்ன வீடா, நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.